அலைப் போர்வைக்குத் துணி தெரிவு செய்வது எப்படி?



மார்கழி, தை மாதங்களில் ரத்தோட்டைக்கு மேலேயுள்ள தோட்டங்களிலும் எல்கடுவைப் பக்கத்திலும் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் லயத்து இஸ்தோப்பில் நின்றால் எதிரே இருக்கும் மலை தெரியாது. நம் மூத்தோர் காலத்தில் கறுப்புக் கம்பளிதான் துணை. மழைக்கும் அதுதான், படுக்கைக்கும் அதுதான். இன்று கம்பளி குறைந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு டிரங்குப் பெட்டியோ அரிசிச் சாக்கோ நிறையப் பழைய துணி இருக்கிறது. சீத்தைப் பாவாடை, மகள் உடுத்திய சட்டை, தையல்காரரிடம் மிஞ்சிய வெட்டுத்துண்டு, அம்மாயி உடுத்திய சேலை. எறியவும் மனசு வராது, உடுத்தவும் முடியாது.

அந்தத் துணிகளைக் கொண்டு ஓர் அழகான போர்வை தைக்கலாம். தைக்கும் முறையைவிட, எந்தத் துணியை எடுப்பது, எந்த பிரிண்ட்டை விடுவது என்பதுதான் இதில் கடினம். நம் தையல் வகுப்பில் நாம் தடுக்கி விழுந்ததும் அந்த இடத்தில்தான். ஆகவே இந்த இதழில் அதைப் பற்றியே பேசுகிறோம்.

அலைப் போர்வை என்றால் என்ன?

வெளிநாடுகளில் இதற்குப் பார்ஜெல்லோ என்று பெயர். இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில் பார்ஜெல்லோ என்றொரு பழைய மாளிகை இருக்கிறது. ஒரு காலத்தில் சிறைச்சாலையாகவும் இருந்த அந்த மாளிகை 1865 இல் அரும்பொருட் காட்சிச்சாலை ஆனது. அங்குள்ள பழைய நாற்காலிகளில் தீச்சுவாலை எழுந்து தாழ்வது போல ஊசிநூலால் வேலை செய்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு மாளிகையின் பெயரே நின்றுவிட்டது. பிற்காலத்தில் அதே அலையைத் துணித்துண்டுகளால் செய்யப் பழகினார்கள். நாம் அதை அலைப் போர்வை என்று சொல்கிறோம்.

பார்ப்பதற்குப் பெரிய வித்தை போல இருக்கும். செய்முறை அப்படியல்ல. ஒரே அகலமுள்ள நீளப் பட்டிகளாகத் துணிகளை வெட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தைக்க வேண்டும். கடைசிப் பட்டியை முதற்பட்டியோடு சேர்த்துத் தைத்தால் பெரிய குழாய் போல வரும். அந்தக் குழாயைக் குறுக்கே வளையம் வளையமாக வெட்ட வேண்டும். ஒரு வளையம் 1 அங்குலம், இன்னொன்று ஒன்றரை, இன்னொன்று இரண்டரை என்று அகலம் மாறலாம். பிறகு ஒவ்வொரு வளையத்திலும் ஒரு தையலைப் பிரித்து நீட்டி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பிரிக்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே அல்லது கீழே தள்ளினால் நிறங்கள் ஏறும், இறங்கும். ஒடுக்கமான துண்டுகள் வந்தால் ஏற்றம் செங்குத்தாக இருக்கும். அகலமான துண்டுகள் வந்தால் சரிவு மெதுவாகப் போகும்.

தூரத்தில் நின்று தேயிலை மலையைப் பாருங்கள். நிரைகள் மலையைச் சுற்றி வளைந்து வளைந்து போவது போலவே இந்தப் போர்வையிலும் நிறங்கள் வளைந்து போகும்.

எங்கள் முதற்போர்வை

முதலில் நாம் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறோம். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பதினொரு பெண்கள் கூடினார்கள். மூன்று தையல் மெசின்கள் இருந்தன. "உங்களிடம் இருப்பதில் நல்ல துணியாகக் கொண்டு வாருங்கள்" என்று மட்டும் நாம் சொன்னோம். ஆளுக்கு ஆள் ஆசையான துணியைக் கொண்டு வந்தார்கள். சிவப்பு, ஊதா, நீலம், பச்சை எல்லாம் வந்தன. பெரிய ரோசாப்பூ, மயில், கட்டம் எல்லாம் இருந்தன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் கண்ணைப் பறிக்கும்.

ஒரு தாய் தன்னுடைய அம்மாவின் கருஞ்சிவப்புச் சேலையைக் கொண்டு வந்தார். அம்மா காலமாகி ஆறு வருடம். பெட்டியை விட்டு வெளியே எடுக்காத சேலை. "இது சாயம் போற சேலைங்க, அம்மா தனியாத்தான் அலசுவாங்க" என்று அவர் சொன்னார். "உப்புத் தண்ணியில் போட்டால் சாயம் நின்றுவிடும், பயப்படாதீங்க" என்று நாம் சொன்னோம். பாதிச் சேலையை வெட்டினோம்.

இரண்டு மாதம் தைத்தோம். முடித்து மண்டபச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தால் அலையைக் காணோம்! ஆயிரம் துண்டுகளை அள்ளிக் கொட்டியது போல இருந்தது. சரி, போர்வைதானே, போர்த்தினால் போதும் என்று தேற்றிக்கொண்டு பீலிக்கரையில் அலசினோம். கருஞ்சிவப்பு இறங்கி, பக்கத்திலிருந்த மஞ்சளிலும் வெள்ளையிலும் திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டது. அந்தத் தாய் எதுவும் பேசவில்லை. போர்வையைப் பிழிந்து கம்பியில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த பாதிச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் சொன்னதை நாம் கேட்கவில்லை. தவறு எங்களுடையதுதான். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது. உங்கள் பெட்டியில் இருக்கும் துணிக்கு அப்படி ஒன்று நடக்கக்கூடாது என்றுதான் கீழே உள்ளவற்றை எழுதுகிறோம்.

நிறத்தைவிட வெளிர்ப்பும் கடுமையும்தான் முக்கியம்

அலை ஏன் தெரியவில்லை? சிவப்பும் பச்சையும் நீலமும் வேறு வேறு நிறங்கள்தான். ஆனால் எங்கள் துணிகள் எல்லாம் ஒரே அளவு கடும் நிறமாக இருந்தன. சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு முதலில் படுவது நிறத்தின் பெயரல்ல, எது வெளிர், எது கடுமை என்பதுதான். வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் கடும் நிறம் வந்தால்தான் கோடு தெரியும்.

இது உங்களுக்குப் புதிதல்ல. கொழுந்து எடுக்கிறவர்களின் கண் ஒரு செடியில் எத்தனை பச்சையைப் பிரித்தறிகிறது! மொட்டு ஒரு பச்சை, இரண்டாம் இலை ஒரு பச்சை, முத்தின இலை இன்னொரு பச்சை. அந்தக் கண்ணை அப்படியே துணிக்குத் திருப்புங்கள். பச்சையிலேயே ஆறு துணி எடுத்து, இளசிலிருந்து முத்தல் வரை வரிசைப்படுத்தினாலே அருமையான அலை வந்துவிடும்.

வரிசை சரியா என்று பார்க்க நான்கு வழிகள் உண்டு:

1. துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, பத்தடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எந்தத் துணி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதன் இடம் மாற வேண்டும்.

2. வீட்டில் கைத்தொலைபேசி இருந்தால் துணிகளைப் படம் பிடித்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இது மிகவும் நம்பகமான வழி. இரண்டு துணி ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அவை இரண்டும் ஒரே அளவு கடுமை.

3. சிவப்பு நிறக் கண்ணாடித்தாள் ஊடாகப் பார்க்கலாம். டொபி சுற்றிவரும் தாள் போதும். ஆனால் சிவப்பு, செம்மஞ்சள் துணிகளுக்கு இது உதவாது. அவை உள்ளதைவிட வெளிறித் தெரியும்.

4. பொழுது சாயும் நேரத்தில், விளக்குப் போடும் முன் பாருங்கள். நிறம் மங்கி, வெளிர்ப்பும் கடுமையும் மட்டும் மிஞ்சும். அந்நேரத்தில் சிவப்பு உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த பிரிண்ட் பொருந்தும்?

துணி தெரிவு செய்கையில் நாம் பிரிண்ட் முழுவதையும் பார்த்து ஆசைப்படுகிறோம். போர்வையில் வருவது ஓர் அங்குலம், இரண்டு அங்குலத் துண்டுதான். ஆகவே முதலில் இப்படிச் செய்யுங்கள். ஓர் அட்டையின் நடுவில் 2 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் உள்ள ஓட்டை வெட்டுங்கள். அந்த அட்டையைத் துணியின் மேல் பல இடங்களில் வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் ஏறத்தாழ ஒரே நிறம் தெரிந்தால் அது நல்ல துணி. ஓரிடத்தில் சிவப்பு, இன்னோரிடத்தில் வெள்ளை, மற்றோரிடத்தில் பச்சை என்று மாறினால் அந்தத் துணி அலையைக் குலைக்கும்.

பொருந்துபவை: சின்னப் பொட்டு, சின்ன இலை, நெருக்கமான சிறு பூ, ஒரே நிறத்தில் இலேசாகவும் கடுமையாகவும் கலந்த பிரிண்ட். பத்திக் துணி இதற்கு மிகவும் நல்லது. அதில் ஒரே நிறம் மேகம் போலக் கலங்கி நிற்கும். எங்கே வெட்டினாலும் ஒத்துப்போகும்.

பொருந்தாதவை: பெரிய பூ, மயில், யானை போன்ற உருவங்கள், வெள்ளைத் தரையில் கறுப்புப் பூ போல முரண்பட்ட பிரிண்ட். கோடும் கட்டமும் கவனம். கை ஒரு நூல் கோணினாலும் கோடு போட்ட துணி அதை ஊருக்கே காட்டிவிடும். சாரம் துணியில் கட்டம் இருப்பதால் அதைப் போர்வையின் பின்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரோசாப்பூத் துணியையும் எறிய வேண்டாம். அது கரைக்கும் பின்பக்கத்துக்கும் அழகாக இருக்கும்.

எல்லாமே பொட்டுப் பொட்டாக இருந்தாலும் கண் சலித்துவிடும். பன்னிரண்டு துணி எடுத்தால் ஏழெட்டு சிறு பிரிண்ட், இரண்டு மூன்று வெறும் நிறத் துணி, ஒன்றிரண்டு சற்றுப் பெரிய பிரிண்ட் என்று கலந்தால் போதும்.

ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறப் பாலம் வேண்டும். பச்சையிலிருந்து நீலத்துக்குப் போவதானால், பச்சையும் நீலமும் இரண்டும் உள்ள ஒரு பிரிண்ட்டை நடுவில் வையுங்கள். மாறிய இடமே தெரியாது. இன்னொன்றும் செய்யலாம். முழுவதும் பச்சையும் நீலமுமாக இருக்கையில் ஒரே ஒரு பட்டி மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ வைத்தால், மலை விளிம்பில் வெயில் விழுந்தது போல அந்தக் கோடு போர்வை முழுவதும் ஓடும். ஒன்று போதும். மூன்று வைத்தால் வெயிலும் இல்லை, மலையும் இல்லை.

வரிசை எப்படி வைப்பது?

இரண்டு முறை உண்டு. முதல் முறையில் வெளிரில் தொடங்கிக் கடுமையில் முடிப்போம். குழாயாகத் தைக்கும்போது கடைசிக் கடும் நிறம் முதல் வெளிர் நிறத்தின் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் ஒரு கூர்மையான விளிம்பு உண்டாகும். துலக்கமாகத் தெரிய வேண்டும் என்றால் இது நல்லது. இரண்டாம் முறையில் வெளிரில் தொடங்கிக் கடுமைக்குப் போய் மீண்டும் வெளிருக்கே திரும்புவோம். விளிம்பு இல்லாமல் மென்மையாக இருக்கும். புதிதாகத் தைப்பவர்களுக்கு இரண்டாம் முறையைச் சொல்கிறோம். சின்னப் பிழைகள் அதில் மறைந்துபோகும்.

துணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும். 8, 10, 12 என்று வையுங்கள். இதற்குக் காரணம் உண்டு. பட்டிகளைத் தைத்தபின் தையல் விளிம்புகளை ஒன்றுவிட்டு ஒரு துணியின் பக்கம் மடித்து அயன் பண்ண வேண்டும். முதலாம், மூன்றாம், ஐந்தாம் துணிகளின் பக்கம் மடித்தால், ஒரு படி தள்ளிச் சேர்க்கும்போது ஒரு விளிம்பு மேலேயும் மற்றது கீழேயும் போய் ஒன்றுக்கொன்று பூட்டு மாதிரிப் பொருந்தும். மூலை பிசகாது, தடிப்பும் வராது. ஒற்றைப்படையில் எடுத்தால் கடைசித் துணியும் முதல் துணியும் சேருமிடத்தில் இந்தக் கணக்குக் குழம்பிவிடும்.

பட்டி தைக்கும் முன், ஒவ்வொரு துணியிலும் விரலளவு துண்டு வெட்டி, வரிசைப்படி ஓர் அட்டையில் ஒட்டி, 1, 2, 3 என்று எண் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். போகும்போதும் வரும்போதும் பாருங்கள். மறுநாளும் மனசுக்குப் பிடித்திருந்தால் கத்தரிக்கோலை எடுக்கலாம்.

எந்த வகைத் துணி?

பருத்தியே சிறந்தது. பொப்ளின், சீத்தை, நெருக்கமாக நெய்த வாயில் சேலை எல்லாம் நல்லவை. நைலக்ஸ், ஜோர்ஜெட் சேலைகள் வழுக்கும். அயன் சூட்டில் உருகவும் செய்யும். ஒரே போர்வையில் மெல்லிய துணியும் தடித்த துணியும் கலந்தால் தடித்தது மெல்லியதை இழுத்துக் கிழித்துவிடும்.

1992 இல் அரசாங்கம் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தோடு கிராமப்புறங்களுக்கும் கார்மண்ட்கள் வந்தன. அங்கு வேலை செய்கிற பிள்ளைகள் நம் லயங்களிலும் இருக்கிறார்கள். கார்மண்ட் வெட்டுத்துண்டுகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது ஒரு விடயத்தைப் பாருங்கள். துண்டை இரண்டு கையாலும் இழுங்கள். ரீசேட் துணி போல நீண்டு சுருங்கினால் இந்தப் போர்வைக்கு ஆகாது. நெய்த துணி மட்டுமே ஆகும். பருத்தியா பொலியெஸ்டரா என்று சந்தேகமென்றால் ஒரு நூலை உருவி, தண்ணீர்ச் சட்டிக்கு மேலே இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து மிருதுவான சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி, ஆறியதும் கடினமான மணியாகும். பெரியவர்கள் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பழைய துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். நைந்த இடம் சல்லடை போலத் தெரியும். அதை விலக்கி நல்ல பகுதியை மட்டும் எடுங்கள். பாவாடையின் இடுப்புப் பக்கமும் சேலையின் உள்முனையும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். பட்டிகளை நூலோட்டத்துக்கு நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டிய பட்டி தைக்கத் தைக்க நீண்டு, அலைக்குப் பதிலாகச் சுருக்கம் வரும்.

சாயமும் சலவையும்

இதைக் கவனமாக வாசியுங்கள். எந்தத் துணியானாலும், புதிதோ பழையதோ, வெட்டும் முன் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். புதிய பருத்தி சுருங்கும். தைத்த பின் சுருங்கினால் போர்வை முழுவதும் கோணிவிடும்.

சாயம் பார்ப்பது எப்படி? துணியின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணித்துண்டின் மேல் வைத்து, சூடான அயனால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் சாயம் போகும். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் கட்டாயம் பாருங்கள். சாயம் போகும் துணியைத் தனியாக, தண்ணீர் தெளிவாகும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகும் தண்ணீர் சிவந்தால் அந்தத் துணி வெளிர் நிறங்களோடு சேரக்கூடாது.

உப்புப் போட்டால் சாயம் நிற்கும், வினாகிரி போட்டால் நிற்கும் என்று சொல்வார்கள். நாமும் நம்பினோம். துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு உதவுவது உண்மை. ஆனால் ஏற்கெனவே சாயமேற்றிக் கடையில் விற்ற துணியிலிருந்து சாயம் கழன்று வருவதை உப்புத் தடுக்காது. அலசி வெளியேற்றுவதுதான் வழி.

எவ்வளவு துணி வேண்டும்?

பட்டி ஒவ்வொன்றும் இரண்டரை அங்குல அகலம். தையலுக்கு இரு பக்கமும் கால் அங்குலம் போக 2 அங்குலம் தெரியும். 44 அங்குலப் பன்னாவில் 12 துணிகளிலும் ஒவ்வொரு பட்டி எடுத்தால், சிறு பிள்ளைக்கு ஏறத்தாழ 24 அங்குலத்துக்கு 30 அங்குலத்தில் ஒரு போர்வை வரும்.

பெரியவர்களுக்கு 48 அங்குலத்துக்கு 60 அங்குலம் வேண்டும். அதற்கு ஒவ்வொரு துணியிலும் நான்கு பட்டிகள். அதாவது 10 அங்குலத் துணி. வெட்டுச் சேதத்துக்கும் சேர்த்து 12 அங்குலம், மூன்றில் ஒரு யார் வைத்துக்கொள்ளுங்கள். 12 துணிக்கும் மொத்தம் 4 யார். வரிசையை இரண்டு தடவை அடுக்கி ஒரு குழாய், அதேபோல இன்னொரு குழாய். பின்பக்கமும் கரையும் தனி.

உள்ளே வைப்பதற்குப் பழைய பிளனல் துணி, நைந்த பருத்திச் சேலை இரண்டு மூன்று மடிப்பு, அல்லது நல்ல பகுதி மிஞ்சிய கம்பளி போதும். மாத்தளையில் இலவம் பஞ்சு தாராளமாகக் கிடைக்கிறது என்று அதை வைக்காதீர்கள். தலையணைக்கு அது நல்லது. போர்வையில் ஒரு மூலைக்கு ஒதுங்கிக் கட்டிப்படும், சலவைக்கும் ஆகாது. ஒரு வயது ஆகாத கைக்குழந்தை தூங்கும்போது தடித்த போர்வையால் போர்த்த வேண்டாம். முகத்தில் விழுந்தால் மூச்சுத் திணறும். அடுப்புப் பக்கத்திலும் போர்வையைக் காயப்போட வேண்டாம்.

நமக்கு முன்னே செய்தவர்கள்

மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேரையும் பார்க்கப் போகாதவர் நம்மில் குறைவு. தேர்களில் தொங்கும் தொம்பைகளை நினைத்துப் பாருங்கள். துணியை வெட்டி, துணியின் மேல் வைத்துத் தைக்கும் வேலை அது. தமிழ்நாட்டில் தஞ்சாவூர்ப் பக்கம் அது பரம்பரைத் தொழில். கடும் நிறத்துக்குப் பக்கத்தில் வெள்ளையை வைப்பதால்தான் தெருமுனையில் நிற்பவருக்கும் அது பளிச்சென்று தெரிகிறது.

தம்புள்ளை வீதியில் அளுவிகாரையில் பத்திக், பூத்தையல் செய்யும் ஒரு நிலையம் உண்டு. எனா டி சில்வா அம்மையார் (1922 – 2015) 1980களில் தன் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து, கிராமத்துப் பெண்களைச் சேர்த்து அதை வளர்த்தார். 1969 இல் திறந்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரைக்குப் பத்திக் செய்து கொடுத்தவர் அவர். நிறங்களை அடுத்தடுத்து வைக்கும் துணிச்சலைக் கற்க நம் மாவட்டத்திலேயே இடமிருக்கிறது.

வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கிக் காந்தா தைக்கிறார்கள். கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற ஒட்டுப் போர்வை தைக்கிறார்கள். எல்லாம் பழைய துணிதான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றோர் ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள் அங்கு வாழ்கிறார்கள். குளிருக்கு அந்தப் பெண்கள் நைந்த வேலை உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். வாக்காளராகப் பதியப் போனதற்காக வீட்டை இழந்த குடும்பங்களும் அந்தப் பகுதியில் உண்டு. 1966 இல் அவர்கள் ஒரு கூட்டுறவு அமைத்துப் போர்வைகளை விற்றார்கள். 2002 இல் அதே ஊர்ப் போர்வைகளைப் பெரிய கலைக்கூடங்களில் தொங்கவிட்டு உலகம் பார்த்தது. 2006 இல் அமெரிக்கத் தபால் முத்திரையிலும் அவை வந்தன. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்து பல பத்தாண்டுகள் காத்திருந்த நம் மக்களுக்கு அந்தக் கதை விளங்கும்.

விற்பதாக இருந்தால்

"நல்லா வந்தா விக்கலாமா?" என்று வகுப்பில் கேட்கிறாங்க. விற்கலாம். ஆனால் முதலிரண்டு போர்வைகளை வீட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணித்தியாலம் தைத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். துணி விலையை மட்டும் கணக்குப் போட்டு விற்றால் உங்கள் கை உழைப்பை இனாமாகக் கொடுத்ததாகும். துணி வாங்கவோ மெசின் வாங்கவோ தொடக்கத்திலேயே வட்டிக்குக் கடன் எடுக்க வேண்டாம். நாலு பேர் துணியை மாற்றிக்கொண்டாலே பன்னிரண்டு துணி சேர்ந்துவிடும். ஒருவரிடம் பச்சை கூட இருக்கும், இன்னொருவரிடம் நீலம் கூட இருக்கும்.

முடிவாக

முதற்போர்வைக்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய் வகுப்புக்கு வரவில்லை. நாம் வீட்டுக்குப் போய், எங்கள் பிழை என்று சொன்னோம். "அம்மா இருந்தா ஒங்களத் திட்டியிருப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கொடுத்தார். நான்காம் கிழமை மிச்சமிருந்த பாதிச் சேலையோடு வந்தார். அதைத் தானே ஒன்பது தடவை அலசியிருந்தார். நாம் வெள்ளைத் துணி வைத்து அயன் பண்ணிப் பார்த்தோம். நிறம் ஏறவில்லை.

இந்தமுறை எல்லாத் துணியையும் தரையில் விரித்து, தள்ளி நின்று பார்த்து, வரிசை போட்டதும் அவர்தான். இளம் சிவப்பில் தொடங்கி, சின்னப் பூ, சின்ன இலை என்று பதினொரு துணி. கடைசியில், ஆகக் கடும் நிறமாக, அம்மாவின் சேலை. சுவரில் தொங்கவிட்டபோது மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்தே அலை தெரிந்தது. சேலை வந்த இடமெல்லாம் மலை விளிம்பு போல ஒரே கோடு.

இப்போது அந்தப் போர்வையை அவருடைய மகளின் பிள்ளைகள் இரண்டு பேரும் இழுத்துப் பறித்துப் போர்த்திக்கொள்கிறார்கள். கோவித்துக்கொண்டாலும் அவர் அதைப் பெட்டியில் எடுத்து வைப்பதில்லை.

உங்கள் பெட்டியையும் இந்தக் கிழமை திறந்து பாருங்கள். துணியை அலசுங்கள், சாயம் பாருங்கள், தள்ளி நின்று பாருங்கள். துணியின் குணம் தெரிந்தவர் ஏதாவது சொன்னால் காதுகொடுத்துக் கேளுங்கள். அதற்குப் பிறகு கத்தரிக்கோலை எடுங்கள்.